பெயரும் புகழும்: நேயர் விருப்ப நிகழ்ச்சிகளும் வெகுசன இரசனையும் பற்றிய ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழ்த் திறனாய்வு 1950களின் நடுப்பகுதி முதலாக இலக்கியத்தின் சமூக அடிப்படைகளை வெளிக்கொணர்வதிற் கணிசமான சாதனைகளை நிலைநாட்டியுள்ளமை யாவரும் அறிந்ததே. எழுத்தாளனின் வர்க்கச் சார்பு, மண்வாசனை, தேசிய இலக்கியத்தின் பண்புகள் ஆகியன பற்றி நடைபெற்ற விவாதங்கள் தமிழ்த் திறனாய்வு முழுவதற்குமே புதிய பாதைகளைத் திறந்துவிட்டன. ஆயினும் இலக்கியம் எனக் கணிக்கப்படாதவற்றில், அதாவது பெரும்பான்மையான மக்கள் நாள்தோறும் தமது ஓய்வு நேரத்தைக் கழித்த பொழுதுபோக்குகளில், இத்திறனாய்வு காட்டிய அக்கறை மிகக் குறைவு. அக்கறை காட்டப்பட்ட வேளைகளிலும் அது பெரும்பாலும் கண்டனமாகவே அமைந்தது. தென்னிந்திய வணிக சஞ்சிகைகளும் திரைப்படங்களும் மக்களை அவர்தம் உண்மையான வாழ்நிலையிலிருந்து திசைதிருப்புகின்றன என்பதே அக்கண்டனத்தின் சாரமாகும். 1970 – 77 காலப்பகுதியில் அச்சஞ்சிகைகளின் இறக்குமதிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் உள்நாட்டு வெளியீட்டு முயற்சிகளுக்கு ஊக்கமளித்தன என்பதில் ஐயமில்லை. எனினும், அவற்றை விரும்பி வாசித்தோர் அவற்றில் எதைத் தேடினர் என்ற வினா அப்பொழுது போதியளவு எழுப்பப்படவில்லை.

விதிவிலக்குகள் உள. கா. சிவத்தம்பி 1981இல் தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்தபோது, தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் அரங்கு திரைப்படக் கொட்டகையே என்பதைச் சுட்டிக்காட்டினார். அங்கு இருக்கையைத் தீர்மானித்தது சாதியன்று, நுழைவுச்சீட்டின் விலையே. எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட நூல் எம்.ஜி. இராமச்சந்திரனின் திரைப் பிம்பம் அடித்தள மக்களின் சம்மதத்தைப் பெற்ற முறையினை விளக்கியது. இவ்விரு ஆய்வுகளும் இன்றும் பயனுடையன. ஆனால் இரண்டும் புகழ்பெற்ற ஒருவரையும் அவரை நோக்கும் பலரையும் பற்றியனவே. அப்பலருள் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு துளிப் புகழை நாடியிருக்கலாம் என்பது அவற்றின் மையப் பொருள் அன்று.

இக்கட்டுரை அந்த மறுபக்கத்தை நோக்க முயல்கிறது. எடுத்துக்கொள்ளப்படும் சான்று மிகச் சாதாரணமானது: இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பிற் பாடலுக்கு முன்னர் வாசிக்கப்பட்ட நேயர்களின் பெயர்ப்பட்டியல்.

2

புகழ் என்பது காலங்கடந்த மனித ஆசை போலத் தோன்றினும், அதற்கும் ஒரு வரலாறு உண்டு. க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய நூலில், வீரயுகத்தின் தலையாய விழுமியமாகப் புகழ் விளங்கியமையை நிறுவியுள்ளார். வீழ்ந்துபட்ட மறவனின் பெயர் நடுகல்லிற் பொறிக்கப்பட்டது. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன், போரில் தான் தோற்பின் மாங்குடி மருதன் முதலாய புலவர் தன் நாட்டைப் பாடாது விடுக என வஞ்சினம் உரைப்பதைப் புறநானூற்றின் 72ஆம் செய்யுளிற் காண்கிறோம். உயிரிழப்பினும் பாடப்படாமையே பெருந்தண்டனையாகக் கருதப்பட்ட சமூகம் அது. அங்குப் புகழ் பரிசிலுக்கு ஈடாகப் பெறப்பட்டது. அதனை ஆக்கித் தந்தவர் பாணரும் புலவரும் ஆவர். உழுதவனும் நெய்தவளும் அப்பாடல்களில் இடம்பெறுவர். ஆனால் அவர்களுக்குப் பெயர் இல்லை.

திருக்குறளில் இல்லறவியலின் இறுதி அதிகாரமாகப் ‘புகழ்’ அமைகிறது. அதற்கு முந்தியது ‘ஈகை’. இவ்வைப்பு முறையே ஒரு செய்தியைத் தருகின்றது. போரிற் பெறப்பட்ட புகழ் கொடையினாற் பெறப்படும் புகழாக மாறிவிட்டது. ஆயின் கொடுப்பதற்கு உடைமை வேண்டும். பக்தி இயக்கத்திற் சம்பந்தர் தம் பதிகங்களின் இறுதியிற் தமது பெயரைப் பொறித்துப் பாடியமை வேறொரு மாற்றத்தைக் காட்டுகிறது. பாடப்படுபவனின் பெயரோடு பாடுபவனின் பெயரும் நிலைபெறத் தொடங்கியது.

இவற்றிலிருந்து வேறுபட்ட ஒன்றும் உண்டு. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு, அங்கு பணிக்கெனக் கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் தருகின்றது. ஆயிரம் ஆண்டுகளின் பின்னரும் அப்பெயர்களை நாம் வாசிக்கிறோம். ஆனால் அதனைப் புகழ் எனக் கூறமுடியாது. அது உழைப்பையும் அதற்குரிய பங்கையும் பதிந்த கணக்கு. பெயர் பதியப்படுவது வேறு, பெயர் போற்றப்படுவது வேறு என்ற இவ்வேறுபாடு பின்வரும் ஆய்வுக்கு இன்றியமையாதது.

3

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925இல் ஆரம்பமானது. இரண்டாம் உலகப் போரின்போது நேசநாட்டுப் படைகளுக்கென நிறுவப்பட்ட ஆற்றல்மிக்க ஒலிபரப்புக் கருவிகள் போரின் பின்னர் இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1950இல் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கப்பட்டது. இந்தியாவில் 1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி. கேஸ்கர், திரைப்பாடல்களைத் தரங்குறைந்தனவாகக் கருதி அகில இந்திய வானொலியிலிருந்து அவற்றை ஒதுக்கியமை இலங்கை வானொலிக்குப் பெருவாய்ப்பாயிற்று. 1957இல் இந்தியாவில் ‘விவித் பாரதி’ தொடங்கப்பட்டபோதும் அதில் விளம்பரங்களுக்கு 1967 வரை இடமிருக்கவில்லை. எனவே இந்திய உற்பத்தியாளர்கள் தமது சந்தையை எட்டுவதற்குக் கொழும்பை நாடினர். தமிழ் வர்த்தக ஒலிபரப்பின் வளர்ச்சியும் எஸ்.பி. மயில்வாகனம் முதலிய அறிவிப்பாளர்கள் தமிழகத்தில் எய்திய புகழும் இப்பொருளாதாரப் பின்னணியில் வைத்து நோக்கப்படவேண்டியன.

நேயர் தபாலட்டையிற் தாம் விரும்பும் பாடலையும் தமது பெயரையும் ஊரையும் எழுதி அனுப்புவர். அறிவிப்பாளர் பாடலுக்கு முன் பெயர்களை அடுக்கடுக்காக வாசிப்பார். பாடலோ முன்பு பலமுறை கேட்கப்பட்டது, நாளையும் ஒலிக்கவிருப்பது. ஆகவே தபாலட்டை எழுதியவர் உண்மையிற் கேட்டது பாடலை மாத்திரமன்று. தம்முடைய பெயர் பலர் கேட்க உச்சரிக்கப்படுவதையே அவர் கேட்டார். அன்றைய பிகாரின் அபிரகச் சுரங்க நகரான ஜும்ரி தலையா, அங்கிருந்து ஹிந்திப் பாடல்களுக்கு வந்து குவிந்த விருப்பக் கடிதங்களாலேயே இந்தியா முழுவதும் அறியப்பட்ட ஊராயிற்று. புகழ்பெறுவதற்கு வேறு வழியற்ற ஊர்களிலிருந்தே இத்தகைய கடிதங்கள் பெருகின என்பது சிந்திக்கத்தக்கது.

எமது நாட்டில் இவ்வேட்கையின் ஆழத்தை உணர்வதற்குப் பெயருக்கும் அதிகாரத்துக்குமிடையே நிலவிய உறவை நோக்கவேண்டும். யாழ்ப்பாணச் சமூகத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் குழந்தைக்குப் பெயரிடுவதிலேயே கட்டுப்பாடுகள் இருந்தன. கோயில் உபயகாரர் என்ற நிலை காணியோடும் சாதியோடும் பிணைந்திருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரும், 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழவேண்டியிருந்தது. இத்தகைய சமூகத்தில், பெயரையும் ஊரையும் மாத்திரம் கூறி, எல்லோருக்கும் ஒரேவகை மரியாதையை அளித்த அறிவிப்பாளரின் குரல் புதுமையானதாகும். மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலிற் பணத்திடம் காணும் சமன்படுத்தும் ஆற்றல் இங்குப் பெயர்ப்பட்டியலில் வெளிப்பட்டது. அது சந்தையின் சமத்துவம்; எனவே குறையுடையது. எனினும் கோயில் வாசலிற் கிடைக்காத சமத்துவம் அது.

மலையகத்தில் நிலைமை இன்னும் கூர்மையானது. தோட்டத்தில் ஒரு நாள் உழைப்பு ‘பேர்’ எனப்படும். குறித்த அளவு கொழுந்து பறிக்காதவருக்கு ‘அரைப்பேர்’ போடப்படும். காலையிற் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுக்கப்பட்டு, செக்றோலிற் பெயருக்கு நேரே குறியிடப்படும். மனிதரின் பெயரே கூலியின் அலகாகிவிட்ட இச்சொல்லாட்சி, அந்நியமாதல் பற்றிய நீண்ட விளக்கங்களைவிடத் தெளிவானது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இன் ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்குமிடையே பாதிபாதியாகப் பங்கிடப்பட்டனர். செக்றோல், விண்ணப்பப் படிவம், கப்பற் பட்டியல் என அவர்களது பெயர்கள் எத்தனையோ இடங்களில் எழுதப்பட்டன. தஞ்சைக் கல்வெட்டைப் போன்று இவை யாவும் பதிவுகளே.

இக்கட்டுரையாசிரியரின் தாயார் 1970களின் இறுதியில் ஹற்றன் பகுதித் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்தவர். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று. தோட்டத்து எழுதுவினைஞர் செக்றோலிற் பதிந்த பெயர் இன்னொன்று. திருத்துமாறு கேட்டபோது, கணக்குக்கு எந்தப் பெயராயிருந்தால் என்ன என்றே பதில் கிடைத்ததாம். வானொலிக்குத் தபாலட்டை எழுதியபோது அவர் பெற்றோர் இட்ட பெயரையே எழுதினார். அது வாசிக்கப்பட்ட மாலையில் லயத்தார் அனைவரும் கேட்டிருந்தனர் என்பதை இன்றும் கூறுவார். என்ன பாடல் ஒலித்தது என்பது அவருக்கு நினைவில்லை. இதனை வீண் பெருமை என்றோ பொய்ப் பிரக்ஞை என்றோ ஒதுக்கும் திறனாய்வு, எதனைப் பொய் என்கிறது என்பதைத் தானே விளக்கவேண்டியதாகும்.

4

இவ்வாறு கூறுவது வர்த்தக ஒலிபரப்புக்குச் சான்றிதழ் வழங்குவதாகாது. ஹோர்க்ஹைமரும் அடோர்னோவும் 1944இல் எழுதி 1947இல் நூலாக்கிய ஆய்வில், வானொலி எல்லோரையும் பதிலிறுக்க இயலாத கேட்போராக்குகிறது எனக் குற்றஞ்சாட்டினர். நேயர் விருப்பம் அக்கூற்றுக்கு மறுப்புப் போலத் தோன்றும். ஏனெனிற் தபாலட்டை ஒருவகைப் பதிலே. ஆனால் அப்பதிலின் எல்லை முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. நேயர் தம் பெயரைச் சொல்லலாம். தம் நிலையைச் சொல்லமுடியாது. கூலி பற்றியோ, கடன் பற்றியோ, நாடு கடத்தப்பட்ட தமையனைப் பற்றியோ அத்தபாலட்டையில் எழுதினால் அது வாசிக்கப்படமாட்டாது. பெயர் அதனை உடையவரின் வாழ்விலிருந்து பிரிக்கப்பட்ட பின்னரே வான்வழி ஏறியது.

கனேடிய அறிஞர் டலஸ் ஸ்மைத் 1977இல் முன்வைத்த கருத்து இங்குத் துணைபுரிகிறது. விளம்பரத்தில் தங்கியுள்ள சாதனம் விற்கும் பண்டம் நிகழ்ச்சியன்று, கேட்போரே என அவர் வாதிட்டார். அவ்வாறாயின் மூட்டை மூட்டையாக வந்த தபாலட்டைகள் விளம்பரதாரருக்குக் காட்டத்தக்க சரக்கு மாதிரிகளாகின்றன. பெயர் வாசிக்கப்பட்ட மகிழ்ச்சி மெய்யானது, அம்மகிழ்ச்சியே விற்பனைக்குமுரியது. இவ்விரண்டையும் ஒருங்கே கூறுவதே இயங்கியல் நோக்காகும். ஒன்றை மாத்திரம் கூறுவோர் அவ்வனுபவத்தின் பாதியையே காண்கின்றனர்.

இலக்கிய மாணவருக்கு இதனினும் பயன்தரும் சான்று ‘இசையும் கதையும்’ நிகழ்ச்சியாகும். நேயர்கள் எழுதிய சிறு கதைகள் இடையிடையே திரைப்பாடல்களோடு ஒலிபரப்பாயின. பின்னாளில் எழுத்தாளராக அறியப்பட்ட பலரின் முதல் முயற்சிகள் இந்நிகழ்ச்சிக்கு எழுதப்பட்டவையே. பத்திரிகையின் வாசகர் கடிதப் பகுதி வாசகனுக்கும் எழுத்தாளனுக்குமிடையிலான வேறுபாட்டைத் தளர்த்தியது என வால்டர் பெஞ்சமின் 1936ஆம் ஆண்டுக் கட்டுரையிற் கண்டதன் தமிழ் உதாரணமாக இதனைக் கொள்ளலாம். பெயர் மாத்திரம் அனுப்பியவர் இப்பொழுது கதை அனுப்புகிறார், இது முன்னேற்றம். ஆனால் வடிவத்தை நோக்குவோம். கதையின் ஒவ்வொரு திருப்பமும் ஏற்கெனவே உள்ள ஒரு பாடலிற் சென்று முடியவேண்டும். எனவே, பாடலில் இல்லாத உணர்வு கதையில் இடம்பெறுவது அரிது. காதற் தோல்விக்கும் தாய்ப் பாசத்துக்கும் தியாகத்துக்கும் பாடல்கள் ஏராளம். அரைப்பேருக்கு எந்தத் திரைக் கவிஞரின் பாடலை இடுவது? கதையாசிரியர் தம் அனுபவத்தைப் பாடலின் அளவுக்கு வெட்டிக்கொள்ள நேர்ந்தது. இத்தனைக்கும் மலையக மக்களுக்குத் தமது துயரைப் பாடும் மரபு இல்லாமலில்லை. சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் கூலியும் இடம்பெறுகின்றனர். அங்குப் பாடல் மக்களுடையது, பாடியவரின் பெயர் தெரியாது. வானொலியிற் பெயர் தெரியும், பாடல் அவருடையதன்று.

5

பெயரையும் செயலையும் ஒருங்கிணைக்கும் புகழ் சாத்தியமா என்ற வினாவுக்கு, எமது இலக்கிய வரலாற்றிலேயே ஒரு விடை உண்டு. டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’, இதழின் அட்டையில் ஈழத்து எழுத்தாளர், கலைஞர், சமூகத் தொண்டர் ஆகியோரின் உருவப்படங்களை வெளியிட்டு, உள்ளே அவர்தம் பணி பற்றிய குறிப்பையும் தந்துவந்தது. திரைப்பட நடிகையரின் முகங்களே சஞ்சிகை அட்டைக்குரியவை எனக் கருதப்பட்ட காலத்தில் இது துணிச்சலான செயலாகும். ஜீவாவோ ஒடுக்கப்பட்ட சமூகத்திற் பிறந்து, சிகையலங்கரிப்பு நிலையத்திற் தொழில் செய்துகொண்டே எழுதியவர். அவரது ‘தண்ணீரும் கண்ணீரும்’ சாகித்திய மண்டலப் பரிசு பெற்றமை, யாருக்குப் புகழ் உரியது என்ற பழைய நியதிக்கு விழுந்த அடியாகும். 2021இல் அவர் காலமானபோது எழுதப்பட்ட அஞ்சலிகள் இதனை நினைவுகூர்ந்தன.

மல்லிகையின் அட்டையில் ஒருவர் பெற்ற புகழ், அவர் செய்த பணியின் பெயரால் வழங்கப்பட்டது. அதனைக் கண்டவர் இவர் யார் என்பதோடு இவர் என்ன செய்தார் என்றும் கேட்கவேண்டியிருந்தது. இதுவே அதன் பலம். பலவீனமும் ஒன்று உண்டு. அவ்வட்டையை எட்டியோர் மிகச் சிலர்; அவர்களுள்ளும் பெண்கள் சிறுபான்மையினர். வானொலியின் பட்டியலோ எவரையும் விலக்கவில்லை. முற்போக்கு இயக்கம் மக்களின் வாழ்வைப் பற்றி எழுதியது. ஆனால் மக்கள் தத்தம் பெயரோடு வந்து நிற்கக்கூடிய இடத்தைப் போதியளவு அமைக்கவில்லை. அவ்வெற்றிடத்தை வர்த்தக ஒலிபரப்பு நிரப்பியது. இரசனைச் சீரழிவு என்று பிறர்மீது சுமத்திய குற்றத்தில் எமது இயக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு என ஏற்பதே நேர்மையாகும்.

6

1990களின் பிற்பகுதியில் தனியார் பண்பலை வானொலிகள் வந்தபின் தபாலட்டையின் இடத்தைத் தொலைபேசி பிடித்தது. இன்று கைபேசி அவ்விடத்தைப் பெற்றுள்ளது. திரைப்பாடலுக்கு வாயசைத்து ஒரு நிமிடக் காட்சி பதிவு செய்து வெளியிடும் இளைஞரை நாம் எங்கும் காண்கிறோம். இதைக் கண்டு முகஞ்சுளிப்போர் பலர். ஆயின் பிறர் பாடலிற் தம் பெயரை ஒட்டிய தபாலட்டைக்கும், பிறர் குரலிற் தம் முகத்தை ஒட்டும் இக்காட்சிக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. வேறுபாடு பிறிதோரிடத்தில் உள்ளது. பட்டியலிற் பெயர் வந்தால் அது முழுப்பெயர். அடுத்தவரின் பெயரைவிடக் கூடியதுமன்று, குறைந்ததுமன்று. இன்றைய காட்சியின் கீழ் எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை பேர் விரும்பினர் என்ற எண்ணிக்கை நிற்கிறது. காட்சியை ஆக்கும் உழைப்பும் பார்க்கும் நேரமும் நிறுவனத்துக்கு இலாபமாக, ஆக்கியவருக்கு அவ்வெண்ணிக்கையே கூலியாக எஞ்சுகிறது. குறித்த எண்ணிக்கையை எட்டாதவர் தம்மைத் தோற்றவராகக் கருதுகிறார். கொழுந்தின் நிறை குறைந்தவருக்கு அரைப்பேர் போடும் முறைமை ஓய்வு நேரத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது எனலாம். நாட்கூலி 1,000 ரூபா என்ற கோரிக்கை நெடுங்காலப் போராட்டத்தின் பின் 2021இல் சம்பள நிர்ணய சபை வாயிலாகவே நிறைவேறிய சமூகத்தில், இவ்வொப்புமை வெறும் உவமையன்று.

ஆகவே திறனாய்வின் முன் இரு பணிகள் உள. முதலாவது, வெகுசனப் பொழுதுபோக்கை அதன் நேயர்களின் பக்கத்திலிருந்து ஆராய்வது. நேயர்களாயிருந்தோரில் இன்னும் உயிருடன் இருப்போரின் நினைவுகள் பதியப்படவேண்டும். வீடுகளில் எஞ்சியுள்ள ‘இசையும் கதையும்’ பிரதிகள் திரட்டப்படவேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் இதனை ஆண்டுப் பணியாக மேற்கொள்ளலாம். இரண்டாவது, கண்டனத்தின் திசையை மாற்றுவது. பெயர் கேட்க விரும்பியவர் குற்றவாளியல்லர். அப்பெயரை வாழ்விலிருந்து பிரித்து விலைப்படுத்தும் உற்பத்தி முறையே கண்டனத்துக்குரியது. தன் பெயர் சரியாகச் சொல்லப்படவேண்டும் என்ற கோரிக்கை, தன் உழைப்புச் சரியாகக் கணிக்கப்படவேண்டும் என்ற கோரிக்கையின் உடன்பிறப்பாகும். முன்னதைக் கேட்டுச் சிரித்தவர்கள் பின்னதை முன்னெடுக்குமாறு அதே மக்களை அழைத்தபோது, அவ்வழைப்பு ஏன் பலரை எட்டவில்லை என்பதற்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.